அமெரிக்காவில் பிரசவம், பிள்ளைக்குக் குடியுரிமை: சுற்றுலா விசா கேட்கலாமா?

கேட்டவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் எடுத்து வைக்கிறேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். மைத்துனர் நியூ ஜெர்சியில் வேலையில் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கிப் பிரசவம் பார்த்துக்கொண்டால் பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிடும், பின்னாளில் பெற்றவர்களும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்பது எண்ணம். சென்னையில் ஓர் ஏஜென்ட், "சுற்றுலா விசாவுக்குப் போடுங்கள். கர்ப்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம், மூன்று வாரத்தில் திரும்பிவிடுவோம் என்று சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது சட்டப்படி தவறா, விசா கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இதற்குப் பதில் சுலபம். இதற்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது, கடினமானது அதுதான்: அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய பிறகு இந்த நாட்டில் அதற்கு என்ன இடம்?

நான் சென்னையில் குடியுரிமை, பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விவகாரங்களைப் பார்த்துவரும் வழக்கறிஞர். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தைத் தொழிலின் பொருட்டுத் தொடர்ந்து படிக்கிறேன். ஆனால் அங்கே ஆலோசனை சொல்ல எனக்கு உரிமம் கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுவதைப் பொது விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பக்கம் என் அன்றாடப் பிழைப்பு. விசா வாங்குவதற்கு முன்னால் என்னிடம் யாரும் வருவதில்லை. பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 24 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதி தெளிவாக இருக்கிறது. பிள்ளைக்குக் குடியுரிமை பெற்றுத் தருவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு அங்கே போய்ப் பிரசவிப்பது, பி பிரிவுச் சுற்றுலா விசாவுக்கு ஏற்ற காரணம் ஆகாது. அங்கே தங்கும் காலத்தில் பிரசவம் நடக்கும் என்று நம்பத் தூதரக அதிகாரிக்குக் காரணம் இருந்தால் போதும், வருவதன் முதன்மை நோக்கமே குடியுரிமைதான் என்று விதி அனுமானித்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையில். 2025 டிசம்பரில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் இதையே சமூக வலைத்தளத்தில் இன்னொரு முறை நினைவூட்டியது: நோக்கம் இதுதான் என்று அதிகாரி நம்பினால் சுற்றுலா விசா மறுக்கப்படும். ஆக, பிள்ளைக்குக் குடியுரிமை வாங்கப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னால் விசா இல்லை. வேறு காரணம் சொல்லி வாங்கினால் அது பொய் சொல்லி வாங்கிய விசா. ஏஜென்ட் விற்பது இந்த இரண்டாவது சரக்கைத்தான்.

ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கும் கான்சுலேட்டின் கவுன்டரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏஜென்டின் திட்டம் எவ்வளவு மெலிந்தது என்று விளங்கும். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலான தாள்களை அவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. யார் இருக்கிறார்கள் அங்கே, எத்தனை நாள், யார் செலவு, இங்கே என்ன வேலை. கல்யாணமாகிச் சில வருடங்களே ஆன பெண், முதல் வெளிநாட்டுப் பயணம், கணவர் கூட வராமல் தனியாகப் போகிறார், தங்கப்போகும் நாள் நீண்டிருக்கிறது என்றால் அதிகாரி கணக்குப் போட அதுவே போதும். எல்லாப் பெண்களிடமும் கர்ப்பமா என்று கேட்கக் கூடாது, கேட்பதற்குக் குறிப்பான காரணம் இருக்க வேண்டும் என்பது அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் நெறி. ஆனால் உங்கள் மனைவிக்கு நேர்காணல் தேதி கிடைக்கும்போது வயிறே அந்தக் காரணத்தைச் சொல்லிவிடும். மறுப்பு, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின் கீழ் ஒரு காகிதத்தோடு வரும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் திரும்ப வராது. ஆனாலும் இந்த மறுப்பு பெரிய கேடில்லை என்பதைக் கவனியுங்கள். நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். கேடு வேறு இடத்தில் இருக்கிறது.

விசாவுக்காக இணையத்தில் நிரப்பும் டி.எஸ்.-160 விண்ணப்பத்தில் கர்ப்பமா என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்காததைத் தானாக முன்வந்து சொல்லாமல் இருப்பது மட்டுமே பொய்யுரை ஆகாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குத் தரும் கையேடே சொல்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஏஜென்டுகள் "மௌனம் குற்றமில்லை" என்று தைரியம் சொல்கிறார்கள். ஆனால் பயணத்தின் நோக்கம் என்ன, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அந்த விண்ணப்பம் கேட்கிறதே? கிரகப்பிரவேசம், மூன்று வாரம் என்று எழுதிக் கையொப்பம் இட்டால் அது மௌனம் இல்லை, எழுத்தில் சொன்ன பொய். கவுன்டரில் நேரடியாகக் கேட்டபோது மறுத்தாலும் அப்படியே. வாய் திறக்காமல் இருப்பதற்கும் திறந்து பொய் சொல்வதற்கும் இடையிலுள்ள கோட்டை ஒவ்வொரு வழக்கிலும் அந்த அதிகாரிதான் இழுக்கிறார். எங்கே இழுப்பார் என்று என்னாலோ வேறு எவராலோ உறுதி சொல்ல முடியாது. உங்கள் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் எந்தப் பக்கம் விழும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் பொய் பிடிபட்டால் விளைவு ஆயுளுக்கும் உண்டு. முக்கியமான விஷயத்தை மறைத்தோ திரித்தோ விசா பெற முயன்றவர் என்று அதே சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவின் கீழ் பதிந்துவிட்டால், அந்த நபருக்கு அமெரிக்க நுழைவு நிரந்தரமாக அடைபடுகிறது. குடியேற விரும்பும் ஒருவர் இதிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு, தன்னை அனுமதிக்காவிட்டால் கடுமையான துன்பத்துக்கு ஆளாகும் அமெரிக்கக் குடிமகனான அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கும் கணவன், மனைவி, தந்தை, தாய் இவர்களில் ஒருவர் இருக்க வேண்டும். பட்டியலில் பிள்ளை இல்லை. சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். எந்தப் பிள்ளையின் பொருட்டுப் பொய் சொன்னீர்களோ, அந்தப் பிள்ளை வளர்ந்து உங்களை அழைத்துக்கொள்ள மனுப் போடும் நாளில் அந்தப் பொய்யே வழியை மறிக்கும்; அதை விலக்க அந்தப் பிள்ளையின் துன்பம் கணக்கில் வராது. ஏஜென்டுகள் இதைச் சொல்வதில்லை. பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன்.

அந்த "பிள்ளை வழியாகப் பெற்றோருக்குக் கிரீன் கார்டு" என்பதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். குடிமகனான பிள்ளை பெற்றோருக்காக மனுச் செய்ய 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயது மட்டும் போதாது. உங்களைத் தாங்குவதாக உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், அதற்கு அந்தப் பிள்ளைக்கு அமெரிக்காவில் குடியிருப்பும், நிர்ணயிக்கப்பட்ட அளவு வருமானமும், அது இல்லையென்றால் கூடப் பொறுப்பேற்க ஒருவரும் வேண்டும். அண்ணா நகரில் வளர்ந்து இங்கேயே கல்லூரி முடித்த 21 வயதுப் பிள்ளைக்கு இவை எங்கிருந்து வரும்? அதற்கு முந்தைய 21 ஆண்டுகளில் இந்தப் பிள்ளையைக் காரணம் காட்டி உங்களுக்கு ஒரு நாள்கூட அங்கே தங்கும் உரிமை கிடையாது. இன்னொன்று: உங்கள் பிள்ளை ஓர் அயல்நாட்டவரை மணந்து வேறு நாட்டில் பிள்ளை பெற்றால், அந்தப் பேரப்பிள்ளைக்குக் குடியுரிமை போவதற்கு உங்கள் பிள்ளை அமெரிக்காவில் மொத்தம் ஐந்து ஆண்டுகள், அதில் இரண்டு ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு, வசித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு அமெரிக்கக் குடியுரிமை ஒரே தலைமுறையோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே பத்து வருட விசா வைத்திருப்பவர்கள், "எனக்குத்தான் நேர்காணலே இல்லையே" என்று கேட்பார்கள். விசா என்பது வாசல்வரை வருவதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே விடுவதும் எத்தனை நாளுக்கு என்று முடிவு செய்வதும் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லைப் பாதுகாப்பு அதிகாரியின் கையில். கர்ப்பிணி என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி இல்லை. பிரசவத் தேதி என்ன, எவ்வளவு நாள் தங்கப்போகிறீர்கள், செலவுக்குப் பணமோ காப்பீடோ இருக்கிறதா என்று பார்த்து அவர் முடிவெடுப்பார். கைப்பேசியைக்கூட வாங்கிப் பார்க்கலாம். மைத்துனரோடு வாட்ஸ்அப்பில் மருத்துவமனை பற்றிப் பேசியிருப்பீர்கள் அல்லவா? 2019 ஜனவரியில் கலிபோர்னியாவில் வெளிநாட்டுக் கர்ப்பிணிகளை வரவழைத்துப் பிரசவம் பார்க்கும் தொழிலை நடத்தியவர்கள் மீது விசா மோசடி வழக்குகள் தொடரப்பட்டன. சீனாவிலிருந்து வரும் பெண்களுக்கு வயிறு தெரியாத தளர்ந்த ஆடை அணியவும், கெடுபிடி குறைவு என்று ஹவாய் வழியாக நுழையவும் சொல்லிக்கொடுத்ததாக அந்தக் குற்றச்சாட்டு. நடத்தியவர்கள் சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது.

இதற்கெல்லாம் மறுபக்கமும் உண்டு. நேர்மையான காரணம் இருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. மரணப் படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்கப் போகிறார் ஒரு பெண், அந்தக் காலத்திலேயே பிரசவத் தேதியும் வருகிறது என்றால் அது விசாவுக்குத் தடையாகாது என்பதற்கு அந்த விதியை வெளியிட்ட ஆவணமே உதாரணம் காட்டுகிறது. மருத்துவக் காரணமும் ஏற்கப்படும்: சிகிச்சைக்கு அங்கே போக நியாயமான காரணம் இருக்கிறது, அங்கே ஒரு மருத்துவர் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், முழுச் செலவையும் கட்டப் பணமும் எண்ணமும் இருக்கிறது என்று மூன்றையும் காட்ட வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு "இங்கே நல்ல பிரசவ ஆஸ்பத்திரி இல்லை" என்று சொன்னால் அந்த அதிகாரியே சிரிப்பார். இந்த விதி பி விசாவுக்கு மட்டும்தான். எச்-1பி, எல்-1 என்னும் வேலை விசாக்களிலோ மாணவர் விசாவிலோ அங்கே வாழும் தம்பதிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய கவலை வேறு.

அந்தக் கவலைதான் நான் உறுதியற்றது என்று தனியாக வைக்கும் பகுதி. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்பது 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள். அவர் போட்ட வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் அவர் குடிமகனே என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறை இதுதான். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாமல், தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்தால், பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ஆணை நடப்புக்கு வரவிருந்த பிப்ரவரி நாளுக்கு முன்பே அறுவை செய்து பிள்ளையை எடுத்துவிட முடியுமா என்று இந்தியத் தம்பதிகள் மருத்துவர்களைக் கேட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அடுத்தடுத்து நீதிமன்றங்கள் ஆணையை நிறுத்திவைத்தன. நாடு தழுவிய தடை விதிக்கும் அதிகாரத்தை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் குறுக்கியபோது, நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர் ஜூலையில் பாதிக்கப்படும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தரப்பாகச் சேர்த்து மறுபடி தடை போட்டார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லுமா என்ற கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வோங் கிம் ஆர்க்கின் பெற்றோர் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பது அரசின் வாதம். ஏற்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் கருத்தை நம்பி ஒருவர் விமானம் ஏறக் கூடாது. இந்தப் பதிலைப் படிக்கிறவர்கள் அந்த வழக்கின் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த விசாவில் இருக்கும் பெற்றோருக்கு எந்த முடிவு வந்தாலும், முதலில் கேள்விக்குள்ளாவது சுற்றுலா விசாவில் வந்து பெற்ற பிள்ளைதான்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பீடு இல்லாமல் அங்கே சிக்கலற்ற பிரசவத்துக்கே பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். சிசேரியன் என்றால் இன்னும் மேலே. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் ஒரு நாளைக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். இங்கே விற்கும் பயணக் காப்பீடுகள் பொதுவாகப் பிரசவத்தையும் பிறந்த குழந்தையையும் சேர்ப்பதில்லை. பாலிசியின் விலக்குப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். ஏழைகளுக்கான அரசு உதவியில் அந்தப் பில்லை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை விசாவுக்குப் போகும்போது பிரசவச் செலவைக் கட்டிய ரசீதைக் கேட்கலாம்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. பிள்ளை பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். இனிஷியல் போடும் நம் வழக்கம் அங்கே செல்லாது. தந்தையின் பெயரை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, இங்கே பள்ளியில் இனிஷியலோடு சேர்த்து, பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுத என்னிடம் வருபவர்கள் ஏராளம். அதன்பின் பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட். வெள்ளைத் துணி மேல் படுக்கவைத்து, தூங்காத நேரமாகப் பார்த்துப் படம் எடுத்து, தாயும் தந்தையும் பிள்ளையோடு நேரில் போக வேண்டும். தந்தை சென்னையில் இருந்தால் முறைப்படி சான்றொப்பம் பெற்ற சம்மதப் படிவம் வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அந்தக் கைக்குழந்தை இந்தியா வர இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். பெற்றவர்கள் இருவரும் இந்தியக் குடிமக்கள், பிள்ளை அயல்நாட்டவர். சொந்த வீட்டுக்கு வர அதற்கு அனுமதி கேட்க வேண்டும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓ.சி.ஐ. என்பதன் பெயரில் குடிமகன் என்ற சொல் இருக்கிறதே தவிர, அது ஆயுட்கால விசாவும் சில சலுகைகளும்தான். வாக்குரிமை கிடையாது. அரசு வேலை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசு வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உயிரோடு இருக்கும்போதே பேரன் பெயருக்கு எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு.

ஆனால் பெற்றோர்களைப் பதினெட்டாவது வருடம் என் அலுவலகத்துக்கு அழைத்து வருவது நிலம் இல்லை, நீட். 2021 மார்ச் 4 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, நீட், ஜே.இ.இ. போன்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் ஓ.சி.ஐ. மாணவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதல் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கென்று உள்ள இடங்கள் எதற்கும் அவர்களுக்குத் தகுதி இல்லை. இதை எதிர்த்த வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கைக்கு முன்பே ஓ.சி.ஐ. அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று காப்பாற்றியது. இனிமேல் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கோச்சிங்குக்குப் போய், ஒரே மதிப்பெண் வாங்கலாம். அவனுக்கு அரசு மருத்துவக் கல்லூரி. உங்கள் பிள்ளைக்குத் தனியாரில் என்.ஆர்.ஐ. இடம், ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும் கட்டணம். சாதிச் சான்றிதழ் வழியாக வரும் இட ஒதுக்கீடும் குடிமகனுக்கு உரியது. அறிவிக்கைகள் மாறும், பதினெட்டு வருடத்தில் இது தளரவும் கூடும் இறுகவும் கூடும். ஆனால் இன்று முடிவெடுப்பவர் இன்றைய விதியை வைத்துத்தானே எடுக்க முடியும்?

அப்படியானால் அமெரிக்காவுக்கே படிக்க அனுப்பிவிடுவோம் என்பார்கள். நல்ல யோசனை. அரசு தரும் கல்வி உதவிக்கு அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கலாம், விசா தொல்லை இல்லை, படிப்பு முடிந்து வேலைக்கும் தடை இல்லை. இவை உண்மையான பலன்கள், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களின் குறைந்த கட்டணம் அந்த மாநிலத்தில் குடியிருந்தவர்களுக்கு. பாஸ்போர்ட் மட்டும் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து போனால் கிடைக்காது. அதோடு அமெரிக்கா தன் குடிமக்களுக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும் நாடு. பிள்ளை பெயரில் தாத்தா போட்டுவைத்த வைப்புத் தொகையும் மியூச்சுவல் ஃபண்டும் ஒரு கட்டத்தில் அங்கே கணக்குக் காட்ட வேண்டியவை ஆகின்றன. வேண்டாம் என்றால் பெற்றோரே பிள்ளையின் சார்பில் அந்தக் குடியுரிமையைத் துறந்துவிடவும் முடியாது. விவரம் தெரிந்த வயதில் அதுவே போய்ச் செய்ய வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடியுரிமை பெறலாம். அதற்குப் பெற்றோர், பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். அப்படிப் பதிவான பிள்ளை பிறப்பால் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளதாக இருந்தால், பதினெட்டு வயது நிரம்பி ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் தம்பதிகளுக்கு இது பயன்படுகிறது. ஆனால் அமெரிக்கச் சட்டம் தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் வரவும் போகவும் வேண்டும் என்கிறது. இரண்டு சட்டங்களும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று உரசுகின்றன. நடுவில் ஒரு முறை அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்டு அதை இங்கே மறைத்தால், அது வேறொரு பொய்க் கணக்கைத் தொடங்கிவைக்கும்.

வேறு நாடுகள் என்று கேட்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பிரிட்டனில் பிறந்தால் குடியுரிமை என்ற காலம் 1983 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 1986 ஆகஸ்டில், அயர்லாந்தில் 2005இல், நியூசிலாந்தில் 2006இல் முடிந்தது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிறந்ததால் மட்டும் எதுவும் கிடைக்காது. கனடாவில் இன்றும் உண்டு. கர்ப்பம் என்பதற்காக மட்டும் அங்கே வருகை விசாவை மறுப்பதில்லை, ஆனால் நோக்கத்தைப் பொய்யாகச் சொன்னது தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை. பிரேசிலில் உண்டு, அங்கே பிறந்த பிள்ளையை வைத்துப் பெற்றோர் நிரந்தர வசிப்புரிமையும் கேட்கலாம். எந்த நாடானாலும் இந்தியப் பக்கத்துக் கணக்கு மேலே சொன்னதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோக்கத்துக்காகச் சுற்றுலா விசாவுக்குப் போக வேண்டாம் என்பது என் பதில். பிரசவம் முடிந்து, பிள்ளை சற்று வளர்ந்தபின் மூவருமாக மைத்துனர் வீட்டுக்கு விண்ணப்பித்தால் எதையும் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்திருந்தால், உங்கள் மனைவி பெயரில் டி.எஸ்.-160 ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டதா என்று இன்றே கேளுங்கள். அனுப்பியிருந்தால் அதன் நகலை வாங்கி வரிக்கு வரி படியுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பதிலும் சட்டத்தின் கண்ணில் உங்கள் மனைவி சொன்னது. ஏஜென்ட் தட்டச்சு செய்தார் என்பது சமாதானம் ஆகாது. தவறாக இருந்தால் நேர்காணலுக்கு முன் திருத்திய புதிய விண்ணப்பம் போடலாம், அல்லது நேர்காணலுக்கே போகாமல் விட்டுவிடலாம். அந்த விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்றால் அவர் பெயர், முகவரி கேட்கும். உங்கள் ஏஜென்ட் அங்கே என்ன பதில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.